பன்னிரண்டு ஐந்துக்குப் போகும் செய்தி

ஏதோ தவறாகிவிட்டது, பிறகு முயலவும் என்று கைபேசி நாலாவது தடவையாகச் சொன்னபோது மணி பத்து ஐம்பது. சென்னியப்பன் பம்பு ஹவுஸ் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்து அந்த வரியை மறுபடி வாசித்தார். ஏதோ என்றால் எது? நகராட்சியில் முப்பத்தொரு வருஷம் தண்ணீர் திறந்துவிட்டவர் அவர். குழாய் உடைந்தால் எந்தத் தெரு, யார் வீட்டு வாசல், எத்தனை அங்குலக் குழாய் என்று சொல்லாதவனிடம் புகாரே வாங்கமாட்டார். ஏதோ உடைஞ்சு போச்சுங்க என்று ஒருத்தன் வந்து நின்றால், போய் என்னன்னு பாத்துட்டு வா என்று திருப்பி அனுப்பிவிடுவார். இந்தச் சனியனை எங்கே திருப்பி அனுப்புவது? அந்த வரிக்குக் கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்றில் சரி என்று இருந்தது. என்ன சரி, ஒன்றும் சரியில்லை. இன்னொன்றில் மீண்டும் முயல்க. அவர் மீண்டும் முயன்றார். ஒரு வட்டம் சுற்றியது, சுற்றியது, உள்ளே மோட்டாரும் சுற்றிக்கொண்டிருந்தது, ஏதோ தவறாகிவிட்டது என்று ஐந்தாவது தடவையாக வந்தது. நேற்றுச் சாயங்காலம் ஒரு தடவை அமுக்கியதும் ‘உங்கள் செய்தி பன்னிரண்டு ஐந்துக்கு அனுப்பப்படும், நன்றி’ என்று பல்லை இளித்த அதே சாமான்தான், இப்போது அந்தச் செய்தி வேண்டாம் என்றால் இப்படிச் சொல்கிறது. ஏற்றுக்கொள்ளும்போது இருந்த சுறுசுறுப்பு திருப்பிக் கொடுக்கும்போது இல்லை. யானை வாயில் போன கரும்பு என்பார்கள்.

அந்த ஆட்-ஆனைப் போட்டுக் கொடுத்தது பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் போன் கடை வைத்திருக்கும் ரியாஸ். எல்லார் போனிலும் இருக்கிற மெசேஜ் ஆப்தான் இவருடையதிலும். அதன் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டு, முன்கூட்டியே எழுதி நேரம் குறித்து வைத்ததை அந்தந்த நேரத்துக்கு அனுப்பிவிடும் இது. எட்டு வார்டு, எட்டு குரூப்பு. எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் என்று முந்தின நாளே எழுதி வைத்துவிட்டால் மறுநாள் யாரும் போன் போட்டு உயிரை வாங்கமாட்டார்கள். நல்ல ஏற்பாடு. அந்த நல்ல ஏற்பாட்டில்தான் நேற்று அவர் தண்ணீருக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் எழுதி வைத்தார். உடுமலைப்பேட்டை ருக்குமணியம்மாளுக்கு. வணக்கம், ஜோசியரிடம் பார்த்ததில் ரஜ்ஜுப் பொருத்தம் இல்லை, வேறு இடம் பார்த்துக்கொள்ளவும். மூன்று வரி. பெண்ணைப் பெற்றவர், மாப்பிள்ளையின் அம்மாவுக்கு அனுப்பும் மூன்று வரி. எழுதி முடித்த உடனே அனுப்பியிருக்கலாம், அப்போது விளக்கு வைத்த நேரம். விளக்கு வைத்த பிறகு இல்லை என்ற வார்த்தையை ஒருத்தர் வீட்டுக்கு அனுப்புவார்களா? வெள்ளிக்கிழமை காலையில் அனுப்பலாம் என்றால், ஒரு சுமங்கலிக்கு வெள்ளிக்கிழமை வெறும் வயிற்றில் அப்படி ஒரு சேதியா? பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு காலம். மத்தியானத்துக்குள் பதில் சொல்லுங்கள் என்று அந்த அம்மாள் கேட்டிருந்தாள். எல்லாம் கழித்துப் பார்த்து, ராகு காலம் முடிந்து ஐந்து நிமிஷம் தள்ளி, பன்னிரண்டு ஐந்து என்று குறித்தார். பொய் சொல்லலாம், அகாலத்தில் சொல்லக்கூடாது. அதுதான் சென்னியப்பன்.

பொய்தான். அதைச் சுற்றி வளைப்பானேன். ஜோசியர் பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்று எழுதி, எட்டைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டு, ரஜ்ஜு உத்தமம் என்று கோடிட்டுக் கொடுத்திருந்தார். அந்த மஞ்சள் சீட்டு இதோ பம்பு ஹவுஸ் மேஜையில், மோட்டார் ஓடிய நேரம் எழுதும் பழைய நோட்டுக்குள் இருக்கிறது. அதற்குக் கீழே இன்னும் ஐந்து சீட்டு. நாலு வருஷத்தில் மகள் சுகந்திக்கு வந்த ஐந்து இடம். ஏழு பொருத்தம், ஆறு, எட்டு, ஏழு, ஏழு. எல்லாருக்கும் ஜாதகம் ஒத்துவரவில்லை என்றுதான் சொல்லி அனுப்பினார். பொருந்துகிறது என்று கையால் எழுதிய காகிதத்தைக் கிழிப்பது பாவம் என்று கிழிக்காமல் வைத்திருந்தார். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைச் செய் என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள், இந்த மனிதர் ஒரே பொய்யைச் சொல்லி ஐந்து கல்யாணத்தை நிறுத்தியிருக்கிறார். அதிலே ஒரு சௌகரியம் பாருங்கள், ஜாதகம் பொருந்தவில்லை என்றால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். பையன் குடிக்கிறான் என்றால் சண்டைக்கு வருவார்கள், வசதி போதாது என்றால் முகம் சுண்டிப்போகும். ஜாதகம் என்றால் சரிங்க, கொடுப்பினை அவ்வளவுதான் என்று எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு போய்விடுவார்கள். ஆனால் முந்தின ஐந்து பேருக்கும் வெறும் ஜாதகம் என்றுதான் சொன்னார். இந்தத் தடவை ரஜ்ஜு என்று எழுதிவிட்டார். ருக்குமணியம்மாள் விடமாட்டாள், வேறு ஜோசியரிடம் பார்க்கலாம் என்பாள் என்ற பயத்தில் எழுதியது. ரஜ்ஜு என்றால் தாலி. அது இல்லை என்றால் கட்டிக்கொண்ட புருஷனுக்கு ஆயுசு இல்லை. அதைப் படித்த பிறகு எந்த அம்மா தன் மகனுக்குக் கட்டிவைப்பாள்? நாளைக்கே இவர் போய்க் காலில் விழுந்து அம்மா அது பொய், எட்டுப் பொருத்தம் இருக்கிறது என்று சீட்டைக் காட்டினாலும் அந்த ஒரு சொல் அவள் நெஞ்சில் இறங்கினது இறங்கினதுதான். மகன் தும்மினால் நினைப்பு வரும். பைக் எடுத்துக்கொண்டு வெளியே போனால் நினைப்பு வரும். அது போகக்கூடாது. எப்படியாவது போகக்கூடாது. ஆறாவது தடவை அமுக்கினார். ஏதோ தவறாகிவிட்டது.

காலையில் அந்தச் சேலையை மட்டும் சுகந்தி எடுக்காமல் இருந்திருந்தால் இவருக்கு இந்தப் பதைப்பே வந்திருக்காது, நிம்மதியாகத் தொட்டி நிறைவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒன்பதரைக்குத் தான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை லேபுக்குக் கிளம்பும்போது பீரோவைத் திறந்து அம்மா சரசுவின் முகூர்த்தச் சேலையை எடுத்துக் கொடியில் விரித்துப் போட்டாள். மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. சரசு போய் ஆறு வருஷத்தில் அந்தச் சேலை வெளியே வந்ததே இல்லை. “பூச்சி அரிச்சிருமுங்கப்பா. சோத்துக்கு வரும்போது எடுத்து மடிச்சு வெச்சிருங்க. வெயில் ஏறுனா சரிகை கறுத்துரும்” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள். அவ்வளவுதான் சொன்னாள். அவள் எதையும் கேட்கிற பெண் இல்லை. ஐந்து தடவையும் ஒத்துவரலை கண்ணு என்று இவர் சொன்னபோது சரிங்கப்பா என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனவள். இருபத்தொன்பது வயசு. செருப்பு மாட்டும்போது வாய்க்குள்ளே எதையோ முனகினாள், பாட்டா என்ன என்று தெரியவில்லை, அவள் பாடி அவர் கேட்டதே கிடையாது. வண்டியை உதைத்துக்கொண்டு இவரும் கிளம்பினார். ரயில்வே கேட்டில் நிற்கும்போதுதான் உறைத்தது. பூச்சி ஆறு வருஷமாக அரிக்கவில்லையா, இன்றைக்குத்தான் அரிக்கிறதா? அடப்பாவி, அவள் அந்தச் சேலையைக் கட்டிக்கொள்ளப் போகிறாள். கேட் திறந்து, பின்னாலிருந்தவன் ஹாரன் அடிக்கிறவரை நின்றுகொண்டிருந்தார்.

மோட்டாரில் ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. கிர்ர் என்று மெல்லிசாக, பல்லில் மணல் கடிபட்டதுபோல. பேரிங் போகப்போகுதுங்க மாமா என்று ருக்குமணியம்மாளின் பையன்தான் சொன்னான், பிரபாகர். மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறவன். பெண் பார்த்துவிட்டுப் போன மறு வாரம் இந்தப் பக்கம் ஏதோ வேலையாக வந்தவன் பம்பு ஹவுசில் வந்து நின்றான். திருப்புளியின் நுனியை மோட்டார் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டான். அப்புறம் சொன்னான், இன்னும் ஒரு மாசம் தாங்குங்க, அதுக்குள்ள மாத்திருங்க. சென்னியப்பனுக்கு எரிச்சலாக வந்தது. முப்பத்தொரு வருஷமாக என் காதில் விழாதது இவன் காதில் விழுந்துவிட்டதாம். ஆனால் அன்றிலிருந்து அந்தச் சத்தம் அவர் காதிலும் விழுகிறது. விழுந்தது விழாமல் போகமாட்டேன் என்கிறது. அந்தப் பையனிடம் என்ன குறை? சத்தமாகச் சிரிக்கிறான். காதுக்குள்ளே முடி. அவர்கள் வீட்டுக் கிணறு இருக்கக்கூடாத மூலையில் இருக்கிறது. இதையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித்தான் நேற்று அந்த மூன்று வரிக்குத் துணிந்தார். இப்போது எடுத்துப் பார்த்தால் ஒன்றும் நிற்கவில்லை, கிணறு மட்டும் கொஞ்சம் நிற்கிறது, அதுவும் தூர்ந்துபோன கிணறு. உண்மையான காரணம் வேறு. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. பையன் வீட்டைப் பார்த்துவிட்டு வந்த ஞாயிற்றுக்கிழமை, சுகந்தி குளிக்கப் போயிருந்தாள். இவர் சமையல்கட்டில் வழக்கம்போல இரண்டு தட்டு எடுத்தார். ஒன்றைத் திரும்ப வைத்தார். எப்படி இருக்கும் என்று பார்ப்பதற்காகத்தான். ஒரே ஒரு தட்டைத் தரையில் போட்டு அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஈ ஒன்று தட்டின் விளிம்பில் நடந்தது. குளியலறைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டதும் திருடன் மாதிரி எழுந்து இரண்டாவது தட்டையும் எடுத்து வைத்தார். அவருக்குப் பயம். தனியாகச் சாப்பிடப் பயம், அவ்வளவுதான், அதற்கு ஒரு தாலிப் பொருத்தத்தை அறுத்துவிட்டார்.

ரியாசுக்குப் போன் போட்டார். “சொல்லுங்கண்ணா, தண்ணி வரலைங்களா?” என்றான் அவன், எப்போதும் அடிக்கிற கேலி. “ரியாசு, இந்த நேரம் குறிச்சுப் போடறது இருக்குதில்ல, அதுல ஒண்ணு போட்டேன். இப்ப வேண்டாம்னு எடுக்கோணும். எடுக்க உட மாட்டேங்குது” என்றார். என்ன வருகிறது, படியுங்கள் என்றான். படித்தார். கீழே ஏதாவது நம்பர் இருக்கிறதா என்று கேட்டான். இருந்தது, எறும்பு அளவுக்கு. ஐநூற்று மூன்று. “அட, அப்ப சர்வர்லீங்கண்ணா கோளாறு. நம்ம போன்ல ஒண்ணுமில்லை.” சர்வர் எங்கே இருக்கிறது என்று கேட்டார் சென்னியப்பன், பக்கத்தில் இருந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிடுகிறவர் குரலில். “அது எங்கியோ இருக்குதுங்.” போனை அணைத்துவிட்டால்? “அணைச்சாலும் போயிருங்கண்ணா. அதுக்குத்தானே அதைப் போட்டுக் குடுத்தேன். போன மாசம் நீங்க காய்ச்சல்ல ஆஸ்பத்திரில கெடந்தப்பக்கூட எட்டு வார்டுக்கும் கரெக்டா போச்சில்லைங்களா?” ஆமாம், போனது. அன்றைக்கு அதைப் பெருமையாக நர்சிடம்கூடக் காட்டினார். அந்த ஆட்-ஆனையே தூக்கிவிட்டால் என்று கேட்டார். முயன்று பாருங்கள் என்றான். முயன்றார். நிலுவையில் செய்தி இருப்பதால் நீக்க இயலாது. செய்தியை எடுத்தால்தான் ஆட்-ஆனை எடுக்கலாம், ஆட்-ஆன் விட்டால்தான் செய்தியை எடுக்கலாம். பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும். “கடைக்குக் கொண்டாங்க, கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்துக்கலாம்” என்றான் ரியாஸ். எப்படிக் கொண்டுபோவது? மோட்டார் ஓடுகிறது. தொட்டி நிறைந்தால் மோட்டாரை நிறுத்துகிற ஸ்டார்ட்டர் கட்டை நேற்றிலிருந்து தானாக விழுவதில்லை, தொட்டி பன்னிரண்டுக்கு நிறையும், ஆள் நின்று அணைக்க வேண்டும். இப்போதே அணைத்துவிட்டுப் போனால் ஆறாவது வார்டு கடைசித் தெருவுக்குத் தண்ணீர் ஏறாது, அங்கே பிரசவித்த பெண் இருக்கிற வீடு இரண்டு உண்டு என்று அவருக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டு போய்வர முக்கால் மணி. “என்ன மெசேஜுங்கண்ணா, தண்ணி நேரம் மாறிப்போச்சுங்களா?” என்று ரியாஸ் கேட்டான். சொல்லியிருக்கலாம். நல்ல பையன், நாற்பது வயசுக்காரன், இரண்டு தங்கைக்குக் கல்யாணம் செய்து வைத்தவன். “ஆமா, தண்ணி நேரந்தான்” என்றார் சென்னியப்பன். “அட விடுங்கண்ணா. தப்பாப் போனா, முந்தினதைக் கண்டுக்காதீங்கன்னு அடுத்தது ஒண்ணு போட்டாத் தீந்துச்சு. தண்ணிதானுங்களே.” தண்ணிதானே. சரி ரியாசு என்று வைத்துவிட்டார்.

பதினொன்றேகாலுக்குப் போன் ஒரு தடவை அதிர்ந்தது, அவருக்கு உயிர் போய் வந்தது. ஏழாவது வார்டு குரூப்புக்குச் செய்தி போயிருந்தது. இன்று மதியம் ஒரு மணிக்குத் தண்ணீர் திறக்கப்படும், வீணாக்க வேண்டாம். நொடி பிசகவில்லை. அனுப்புவதற்கு மட்டும் அதற்கு எல்லாம் இருக்கிறது, சர்வர் இருக்கிறது, இணைப்பு இருக்கிறது, வேண்டாம் என்று சொன்னால்தான் காது கேட்காது. குரூப்பில் யாரோ ஒரு கட்டைவிரல் படத்தைத் தூக்கிப் போட்டார்கள். ஏழாவது தடவை அமுக்கினார், எட்டாவது, வெளியே வேப்பமரத்தடியில் போய் நின்று சிக்னல் கம்பி எத்தனை என்று எண்ணி ஒன்பதாவது. வெயில் கண்ணாடியில் பட்டு எழுத்தே தெரியவில்லை, தெரியாவிட்டால் என்ன, என்ன எழுதியிருக்கும் என்றுதான் தெரியுமே. வாயில் பிளீச்சிங் பவுடர் காந்தல். காலையில் தொட்டிக்குக் கலந்த கை. சரசு இருந்தால் அந்தக் கையால் முகத்தைத் தொடாதீங்க என்பாள். சரசு இருந்தால் இந்தப் பேச்சே இல்லை, அவள் முதல் இடத்துக்கே முடித்து, பேரனுக்கு இப்போது மூணு வயசு ஆகியிருக்கும். எதற்கு இந்தச் சுற்று வழி, போன் பண்ணிச் சொல்லிவிட்டால் என்ன என்று அப்போதுதான் தோன்றியது. தோன்றவில்லை, முதலிலிருந்தே தெரியும், மூக்குக்கு முன்னால் இருந்தது, பார்க்காத மாதிரி இருந்தார். ஒரு போன். ருக்குமணியம்மா, எங்களுக்குப் பூரண சம்மதம், பன்னிரண்டு ஐந்துக்கு ஒரு செய்தி வரும், அது போனில் ஏதோ கோளாறு, அதைக் கண்டுக்காதீங்க. சொல்லிப் பார்த்தார். மரத்தில் இருந்த அணில்தான் கேட்டது. கோளாறு எப்படி ரஜ்ஜு என்று எழுதும் என்று அவள் கேட்டால்? கேட்கட்டும். திட்டட்டும். அதற்கும் மேலே ஒன்று, ராகு காலத்தில் சம்மதம் சொல்லி, பிற்பாடு அந்தப் பையனுக்கு ஒரு காய்ச்சல் வந்தால்கூட அன்றைக்கு நாம் சொன்ன நேரம்தான் என்று ஆகிவிடாதா? ஏற்கனவே பொய்யாக அவன் ஆயுசில் கை வைத்தாயிற்று, மெய்யாகவும் வைப்பதா? வேப்பமரத்தைச் சுற்றி இரண்டு நடை நடந்தார். பதினொன்றரைக்கு, வருவது வரட்டும் என்று நம்பரை அமுக்கினார்.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள். “சொல்லுங்கண்ணா.” பின்னால் குக்கர் சத்தம், யாரோ சிரிக்கிற சத்தம், அவனாகத்தான் இருக்கும். “ருக்குமணியம்மா, அது வந்து, உங்ககிட்ட ஒண்ணு” என்று தொடங்கியபோது குரல் ஆடியது, அதை நிறுத்த அவரால் முடியவில்லை. “அண்ணா, இருங்க இருங்க. நல்ல சேதிதானுங்களே?” என்றாள் அவள். “ஆமாங்க, நல்லதுதான், ஆனா அதுக்கு முன்னால...” “நல்ல சேதின்னா இப்பச் சொல்லாதீங்கண்ணா. ராகு காலம் ஓடுது. இத்தனை நாள் பொறுத்தோம், அரைமணி பொறுக்க மாட்டமா? பன்னெண்டு அடிக்கட்டும். நா எங்கியும் போகலை, போனைக் கையிலயே வெச்சிருக்கறேன்.” “இல்லீங்கம்மா, ஒரே ஒரு வார்த்தை...” “உங்க கொரலே சொல்லுதுங்கண்ணா. வெச்சறேன்.” வைத்துவிட்டாள். அவர் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார். மறுபடி அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. அப்பாடா என்று நெஞ்சுக்குள் ஒரு மூச்சு இறங்கியது, இன்னும் அரைமணி இருக்கிறது, அவளே சொல்லிவிட்டாள், நம் மேல் தப்பில்லை. அந்த மூச்சை அவர் தன்னிடமே ஒத்துக்கொள்ளவில்லை. இறங்கினது உண்மை. அப்புறம்தான் அந்த இன்னொரு வார்த்தை மெல்ல வந்து கடித்தது. போனைக் கையிலயே வெச்சிருக்கறேன். செய்தி போன உடனே அழித்துவிடலாம் என்று மனசின் ஓரத்தில் ஒரு கடைசி ஏற்பாடு வைத்திருந்தார். அவள் பார்ப்பதற்குள் அழித்துவிடலாம் என்று. இனி எங்கே? கையிலேயே வைத்திருப்பாள். கண்ணையும் அதிலேயே வைத்திருப்பாள். நல்ல சேதிக்காக.

சரி, பன்னிரண்டுக்கும் பன்னிரண்டு ஐந்துக்கும் நடுவில் ஐந்து நிமிஷம் இருக்கிறது. ஐந்து நிமிஷத்தில் எவ்வளவோ சொல்லலாம். சம்மதம் என்று சொல்ல ஒரு நொடி, ஒரு செய்தி வரும் படிக்காதீர்கள் என்று சொல்ல இரண்டு நொடி. நாற்காலியை உள்ளே இழுத்துப் போட்டுச் சுவர்க் கடிகாரத்துக்கு நேரே உட்கார்ந்தார். சுவர்க் கடிகாரம் இரண்டு நிமிஷம் பிந்தும், போன் கடிகாரம்தான் சரி, ஆட்-ஆனும் அதே நேரத்தைத்தான் பார்க்கும். பதினொன்று நாற்பது. கிர்ர் என்றது பேரிங். பதினொன்று நாற்பத்திரண்டு. சும்மா இருக்க முடியாமல் பத்தாவது தடவை அமுக்கினார், பதினொன்றாவது, ஏதோ தவறாகிவிட்டது. இந்த ஏதோவுக்குப் பெயர் தெரிந்துவிட்டது இப்போது, சென்னியப்பன். நோட்டைத் திறந்து சீட்டுகளைப் பார்த்தார், பார்க்கப் பிடிக்காமல் மூடினார். ஒருநாள் சோறு கொண்டுவந்த சுகந்தி, கரண்டு இல்லாத புழுக்கத்தில், இந்த நோட்டைத்தான் எடுத்து விசிறிக்கொண்டாள், அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. சீட்டு ஒன்றும் கீழே விழவில்லை. விழவில்லை என்றுதான் நினைப்பு. அவள் வாய்க்குள்ளே முனகியது என்ன பாட்டு? உடுமலைக்கு பஸ்ஸில் ஒன்றரை மணி. ஞாயிற்றுக்கிழமை போகலாம். ஞாயிற்றுக்கிழமை மாமா என்று அந்தப் பையன் சத்தமாகக் கூப்பிடுவான், சாப்பிட உட்காரும்போது நாலு தட்டு இருக்கும். நாலு தட்டு! இதை ஏன் நேற்று நினைக்கவில்லை? ஒன்று ஒன்று என்று ஒரே தட்டையே நினைத்துக்கொண்டிருந்த மடையன். பதினொன்று ஐம்பத்தெட்டு. எழுந்து நின்றார். வேட்டியை இறுக்கிக் கட்டினார், நேரில் பேசப் போகிறவர் மாதிரி. பன்னிரண்டு.

நீங்கள் அழைக்கும் நபர் வேறொரு அழைப்பில் இருக்கிறார் என்றது போன். முருகா. வைத்துவிட்டு மறுபடி அடித்தார். வேறொரு அழைப்பில் இருக்கிறார். பன்னிரண்டு அடித்தால் பேசுகிறேன் என்றவள் பன்னிரண்டு அடித்ததும் யாரோடு பேசுகிறாள்? மகள் பேசட்டும், மகளை விட்டுச் சொல்லச் சொல்லலாம் என்று சுகந்திக்கு அடித்தார். அவளுக்கு இது இடைவேளை. நீங்கள் அழைக்கும் நபர் வேறொரு அழைப்பில் இருக்கிறார். ஒரு நிமிஷம் ஒன்றும் புரியாமல் நின்றவருக்கு அப்புறம் புரிந்தது, புரிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர்கள் இரண்டு பேரும்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அப்பா கொரலே சொல்லிருச்சு கண்ணு என்று அவள் சொல்லிக்கொண்டிருப்பாள். இவள் ஒன்றும் சொல்லாமல் சிரித்துக்கொண்டிருப்பாள். எத்தனை நாளாக இப்படிப் பேசிக்கொள்கிறார்கள்? பன்னிரண்டு மூன்று. மறுபடி ருக்குமணி, மறுபடி சுகந்தி, மறுபடி ருக்குமணி. வேறொரு அழைப்பில், வேறொரு அழைப்பில். பன்னிரண்டு நாலு. கையெல்லாம் வேர்த்து விரலைக் கண்ணாடி ஏற்கவில்லை. பன்னிரண்டு ஐந்துக்குப் போன் மெதுவாக ஒரு தடவை அதிர்ந்தது.

போய்விட்டது. திறந்தார், பச்சைக் கட்டத்துக்குள் மூன்று வரி, ரஜ்ஜு. விரலை வைத்து அமுக்கி, அழி, எல்லோருக்கும் அழி, அழிந்தது. மூச்சு விடுவதற்குள் கீழே இன்னொன்று வந்து நின்றது. அதே மூன்று வரி. அதை அழித்தார், இன்னொன்று. இன்னொன்று. மீண்டும் முயல்க என்று அவர் அமுக்கிய ஒவ்வொரு தடவையும் அது ரத்துச் செய்ய முயலவில்லை, செய்தியை இன்னொரு தடவை அனுப்ப வரிசையில் வைத்திருக்கிறது. பதினொரு தடவை அமுக்கியிருந்தார். வணக்கம், ரஜ்ஜுப் பொருத்தம் இல்லை. வணக்கம், ரஜ்ஜுப் பொருத்தம் இல்லை. தும்பை விட்டு வாலைப் பிடித்தவன் கதையாக ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே போனார், பாதியில் இரண்டு நீலக் கோடு விழுந்தது, அவள் பார்த்துவிட்டாள், அதற்குப் பிறகும் நிறுத்தாமல் அழித்தார், கடைசி ஒன்று வரை. பன்னிரண்டு எட்டு. மேலே தொட்டி நிறைந்து வழிய ஆரம்பித்தது, தகரக் கூரையில் தண்ணீர் விழும் சத்தம். எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தார், எழுந்திருக்கவில்லை. போன் அடித்தது. சுகந்தி.

“அப்பா” என்றாள். “அந்த அத்தை போன்ல இருந்தாங்க. எனக்குப் படிச்சுக் காட்டுனாங்க. ரெண்டு தடவ படிச்சாங்க. அப்பறம் வெச்சுட்டாங்க.” சென்னியப்பன் மேஜையில் இருந்த நோட்டை இழுத்துத் திறந்தார். “கண்ணு, அது பொய் கண்ணு. பொருத்தம் இருக்குது. எட்டு இருக்குது. ரஜ்ஜு உத்தமம்னு போட்டிருக்குது. நாந்தான்...” “தெரியுங்கப்பா” என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்கவில்லை அவருக்கு. “அந்த நோட்டு விசிறுனப்பவே பாத்துட்டேன். அப்ப நாலு சீட்டு இருந்துச்சு.” அவர் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். கூரையில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் யாரோ அவளை ஏதோ கேட்டார்கள், இதா வர்றேங்க என்று அவள் சொன்னாள். “அப்பா, தண்ணி வழியற சத்தம் கேக்குது. போயி மோட்டாரை நிறுத்துங்க” என்றாள். “அப்பறம் வீட்டுக்குப் போயி அந்தச் சேலைய எடுத்து உள்ள வெச்சிருங்கப்பா.”

அவர் எழுந்து போய் மோட்டாரை அணைத்தார். அணைந்த பிறகும் அந்தக் கிர்ர் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.